மினிட்ஸ் நோட்டில் ஏறாதவை

மே 20, 2025, செவ்வாய்

ரோட்டரி சங்கச் செயலாளர் பொறுப்பில் இன்னும் ஆறு வாரம். கூட்டக் குறிப்பு எழுதி எழுதி எல்லாமே "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று முடியும் வியாதி வந்துவிட்டது. அந்த நோட்டில் எழுத முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பதிவேட்டில் 34 பேர். இன்று வந்தவர்கள் 11. தலைவர் மணியடித்ததும், கூட்டத்தில் ஒழுங்கு பார்க்கும் சார்ஜென்ட் அபராதப் பெட்டியோடு கிளம்பினார். செல்போன் அலறியவருக்கு ஒரு அபராதம். புது வண்டி வாங்கியதைச் சொல்லாமல் மறைத்தவருக்கு ஒன்று. மேடையில் "ரொட்டேரியன்" என்று சொல்லாமல் வெறும் பெயரைச் சொன்ன எனக்கு ஒன்று. வாரத்தில் எல்லோரும் மனம்விட்டுச் சிரிப்பது இந்தப் பத்து நிமிடம்தான்.

2016-ல் சர்வதேச ரோட்டரியில் விதியைத் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டம் நடத்தினால் போதும் என்றார்கள். நாங்கள் வாரக் கூட்டத்தை விடவில்லை. சங்கம் பட்டயம் வாங்கித் தொடங்கிய காலத்திலிருந்து இருக்கும் ஐயா அன்று சொன்னது: "வாரம் ஒருவாட்டி முகம் பார்க்காதவன்கிட்ட உரிமையா எப்படிப்பா வேலை சொல்றது?" 34-ல் 11 என்பதைப் பார்த்தால், உரிமை எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை என்று தெரிகிறது.

பேச வேண்டியவர் வரவில்லை. இடத்தை நிரப்ப, வந்திருந்த கடிதங்களை வாசித்தேன். மூன்றாவது ஒரு பள்ளித் தலைமையாசிரியையிடமிருந்து. மொத்தமே இரண்டு வரி. "தங்கள் சங்கம் வழங்கிய குடிநீர் இயந்திரம் பல மாதங்களாக ஓடவில்லை. எடுத்துச் சென்றால் அந்த இடத்தில் சைக்கிள் நிறுத்திக்கொள்வோம்."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மணியடித்துக் கூட்டத்தை முடித்தார்.

மே 22, வியாழன்

பொருளாளரும் நானும் பள்ளிக்குப் போனோம். விடுமுறை என்பதால் அலுவலக அறை மட்டும் திறந்திருந்தது. இயந்திரத்துக்கு முன்னால் கிரானைட் பலகை. தலைவர், செயலாளர், பொருளாளர், திட்டத் தலைவர் என்று பெயர்கள் தங்க எழுத்தில், நேற்று எழுதியதுபோலப் பளபளத்தன. நாள் பார்த்தேன். ஐந்து வருடத்துக்கு முந்தையது. திறப்பு விழா பேனரை அடித்துக் கொடுத்தது என் அச்சகம்தான். கோப்பு இன்னும் என் கணினியில் கிடக்கிறது. எத்தனை தலைவர்களுக்கு அதே கோப்பில் படத்தையும் வருடத்தையும் மட்டும் மாற்றி அடித்திருக்கிறேன் என்பதை எண்ண எனக்கு விருப்பமில்லை.

முதல் ஃபில்டரைக் கழற்ற இரண்டு பேர் சேர்ந்து திருகினோம். வெள்ளையாக இருக்க வேண்டிய குழல் செங்கல் நிறத்தில் வழவழவென்று வந்தது. கார்பன் ஃபில்டர் ஒருமுறைகூட மாற்றப்படவில்லை. தண்ணீர் ஓடாமல் கிடந்ததில், உப்பை வடிக்கும் மெம்பிரேன் காய்ந்து போயிருந்தது. சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு குழலை மாற்றியிருந்தால் இந்தப் பாடு இல்லை. அதைச் செய்ய ஸ்பேனர் வேண்டும். அது எங்கே என்று கடிதம் எழுதிய தலைமையாசிரியை டீச்சரைக் கேட்டேன்.

"எங்ககிட்ட சாவியும் தரலை, ஸ்பேனரும் தரலைங்க. ரிப்பன் வெட்டின கத்தரிக்கோலை மட்டும் விட்டுட்டுப் போனாங்க. அது இன்னும் நல்லா வெட்டுது."

பொருளாளர் வண்டியை எடுக்கும்வரை வாய் திறக்கவில்லை.

மே 27, செவ்வாய்

கூட்டத்துக்குப் பின் நிர்வாகக் குழு. முதல் கேள்வியே "அது யாரோட வருஷத்து ப்ராஜெக்ட்?" என்பதுதான். ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது எங்கள் ஆண்டு. தலைவருக்கு ஒரு வருடம்தான். அதற்குள் தன் பெயரில் ஏதாவது நிற்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். அது தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் முந்தைய வருடத்துத் திட்டத்தைத் தொடுவது அடுத்தவர் வீட்டுக் கணக்கைப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது.

தலைவர் நல்ல மனிதர். "இன்னும் அஞ்சு வாரம்தாங்க இருக்கு. ரத்ததான முகாம் இருக்கு, ஆண்டறிக்கை இருக்கு. இதை அடுத்த டீமுக்கு விட்ருவோம்" என்றார். அடுத்த தலைவர் உடனே, "என் லிஸ்ட்ல ஏற்கெனவே நாலு இருக்கே" என்றார்.

அப்போதுதான் ஐயா பேசினார். குரல் உயரவே இல்லை. "போலியோவை யாரோட வருஷத்து ப்ராஜெக்ட்னு சொல்வீங்க? 1979-ல பிலிப்பைன்ஸ்ல 60 லட்சம் குழந்தைங்களுக்குச் சொட்டு மருந்துன்னு ஆரம்பிச்சது. 85-ல உலகம் முழுக்க ஒழிக்கணும்னு போலியோ பிளஸ் திட்டம். 40 வருஷத்துல ரோட்டரியோட உலகத் தலைவர் 40 பேர் மாறியாச்சு. 88-ல ஒரு நாளைக்கு ஆயிரம் குழந்தைன்னு உலகம் முழுக்கப் பாதிச்சது, இன்னைக்கு இயற்கையான வைரஸ் விடாம ஒட்டிக்கிட்டிருக்கிறது ரெண்டே நாட்டுல. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான். ஒருத்தராவது 'அது முந்தின ஆளோடது'ன்னு விட்டிருந்தா?"

பலகையில் இரண்டாவது பெயர் ஐயாவுடையது. அதை அவரே நினைவுபடுத்தினார். "நானும் விட்டவன்தான்" என்றார்.

நோட்டில் எழுதியது: பள்ளிக் குடிநீர் இயந்திரத்தைப் பழுது பார்க்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

ஜூன் 3, செவ்வாய்

புது உறுப்பினர் சேர்ப்பு. ஆய்வகம் நடத்தும் பெண். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்றுதான் தொடக்கத்தில் சேர்த்தார்கள். 1905 பிப்ரவரி 23-ல் சிகாகோவில் முதல் ரோட்டரி கூட்டமாகக் கூடிய நால்வரில் பால் ஹாரிஸ் வக்கீல், மற்றவர்கள் நிலக்கரி வியாபாரி, சுரங்கப் பொறியாளர், தையல்காரர். முதல் தலைவர் பால் ஹாரிஸ் இல்லை, நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீல். சுரங்கப் பொறியாளரும் தையல்காரரும் சில வருடத்திலேயே சங்கத்தை விட்டுப் போய்விட்டார்கள். வருகை குறைகிறதே என்று நான் புலம்பும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் அது. ஐந்தாவதாக வந்த ஹாரி ரகில்ஸ் அச்சகக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் அல்ப சந்தோஷமும் உண்டு.

அந்த மேசையில் பெண்கள் உட்கார 84 வருடம் ஆனது. கலிபோர்னியாவின் டுவார்ட்டி சங்கம் 1977-ல் பெண்களைச் சேர்த்ததற்காக அதன் பட்டயத்தையே ரத்து செய்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் 1987-ல் தீர்ப்பு வந்தது. உலகம் முழுக்க விதி மாறியது 1989-ல். எங்களிடம் இன்றோடு மூன்று பெண்கள். நிறைய என்று சொல்ல நா கூசுகிறது.

அறிமுக உரையெல்லாம் முடிந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "கூட்டம் சரி. வேலை எப்போ?"

ஜூன் 14, சனி

உலக ரத்ததான நாள். ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டிய கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1868-ல் பிறந்த தேதி. காலையிலேயே நல்ல கூட்டம். பேனர் என்னுடையதுதான், இந்த முறை அளவைப் பாதியாக்கிவிட்டேன்.

சென்ற ஆண்டைவிட அதிகமாக எடுக்க வேண்டும் என்று தலைவர் ஆசைப்பட்டார். ரத்த வங்கியிலிருந்து வந்தவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தடுத்தார். சிவப்பணுக்களைக் குளிரில் ஐந்தாறு வாரம் வைக்கலாம். பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும், அதையும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். "ஒரே நாள்ல நூறு பேர் குடுத்தா பாதியை எங்க வைக்கிறதுன்னு தெரியாம முழிப்போம். அடுத்த மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு யூனிட் கேட்டு நான் போன் பண்ணுவேன். அப்ப யாராவது எடுத்தா அது போதும்."

அதனால் மதியத்துக்கு மேல் வந்தவர்களிடம் ரத்தம் எடுக்கவில்லை. பெயர், வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, இரவில் அழைக்கலாமா என்பதை மட்டும் எழுதிக்கொண்டோம். புது உறுப்பினர் மேசையில் உட்கார்ந்து எழுத்து மாறாமல் எழுதினார். சிலருக்குக் கோபம். ஊசி குத்தாமல் திருப்பி அனுப்பினால் போட்டோ எப்படி எடுப்பது என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். நாற்காலியில் சும்மா படுக்கவைத்து எடுத்து அனுப்பினோம். என்ன செய்ய?

எனக்கு ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வருடா வருடம் மைக்கில் ஊரைக் கூப்பிடுகிறவன் நான்.

ஜூன் 21, சனி

பள்ளியில் முழு நாள் வேலை. எட்டுப் பேர் வந்தார்கள், தலைவரும் சட்டைக் கையை மடித்துவிட்டு. குழல், கார்பன், மெம்பிரேன் மூன்றும் புதிது. தொட்டியைத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவினோம். சுத்திகரிப்பில் கழிவாகப் போகும் தண்ணீர் இதுவரை சுவருக்குப் பின்னால் சேறாகத் தேங்கி நின்றது. அதைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பினோம். சிகாகோ சங்கம் ஊருக்கென்று 1907-ல் கையிலெடுத்த முதல் வேலையும் நகர மன்றத்துக்குப் பக்கத்தில் பொதுக் கழிப்பறைதான். ஐயா இதைச் சொன்னபோது குழாய்க்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தவர், "அதுக்குப் பலகை வச்சாங்களா?" என்று கேட்டார்.

மாலையில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை நனைத்தோம். உள்ளே வரும் தண்ணீரில் லிட்டருக்கு 1,140 மில்லிகிராம். வெளியே வருவதில் 70 சொச்சம். கைதட்டல். 600-க்குள் இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும், 1,000 தாண்டினால் வாய் ஏற்காது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. செவ்வாயன்றே திறந்துவிடலாம் என்று தலைவர் முகம் மலர்ந்தது. அவருக்குக் கடைசிக் கூட்டம் அன்றுதான்.

ஆய்வகக்காரர் மட்டும் கைதட்டவில்லை. "மீட்டர் உப்பைத்தான் சொல்லும். கிருமியைச் சொல்லாது. நான் ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போறேன்" என்றார். குழாய் வாயைச் சுட்டு, கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டு, கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்தார். அவரைச் சேர்த்தது யார் என்று ஒருவர் என் காதில் முணுமுணுத்தார். நான்தான்.

ஜூன் 24, செவ்வாய்

ஆய்வக முடிவு வந்தது. 100 மில்லி குடிநீரில் மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தது. தொட்டியிலிருந்து குழாய்க்குப் போகும் பழைய பைப்பை மாற்றாமல் விட்டிருக்கிறோம். பழுது அங்கேதான்.

தலைவரின் கடைசிக் கூட்டம். எழுந்து நின்று ரோட்டரியின் நால்வழிச் சோதனையைச் சொன்னோம். இது உண்மையா, எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா, எல்லோருக்கும் நன்மையா. திவாலாகும் நிலையிலிருந்த கம்பெனியைத் தூக்கி நிறுத்த ஹெர்பர்ட் டெய்லர் 1932-ல் எழுதியது. பல வருடமாக வாய் தானாகச் சொல்லும், மனம் எங்கோ இருக்கும். இன்று முதல் கேள்வியிலேயே தலைவர் நிறுத்திவிட்டார். ஆண்டறிக்கையில் "பள்ளிக் குடிநீர் இயந்திரம் சீரமைத்து ஒப்படைக்கப்பட்டது" என்று நான் அச்சடித்திருந்தேன். "அந்த வரியை அடிச்சிடுங்க. இன்னும் ஒப்படைக்கலையே" என்றார். 40 பிரதியிலும் பேனாவால் அடித்தேன். அச்சகக்காரனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. ஆனாலும் ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஜூன் 27, வெள்ளி

பைப் மாற்றியாயிற்று. தொட்டியை மறுபடி கழுவினோம். மறுபடி பாட்டில்.

ஜூன் 30, திங்கள்

இரவு 8.10-க்குச் செய்தி: "எதுவும் வளரவில்லை. கொடுக்கலாம்." தலைவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். பதவி முடிய நான்கு மணி நேரம். பள்ளி பூட்டியிருக்கிறது. இரண்டு பேருமே சிரித்தோம்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் போனபோது இடைவேளை மணி அடித்திருந்தது. பிள்ளைகள் பாட்டிலோடு முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னாள் தலைவர் ஏற்கெனவே வந்து ஓரமாக நின்றிருந்தார், தனியாக, பேனர் இல்லாமல். ரிப்பன் கிடையாது. டீச்சர் தன் கையால் வால்வைத் திறந்திருக்கிறார். ஒரு பையன் குடித்துவிட்டு, "ருசியே இல்லை டீச்சர்" என்றான். உப்புத் தண்ணீருக்குப் பழகிய நாக்கு.

சாவி, ஸ்பேனர், மூன்று உபரிக் குழல்களை டீச்சரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். இயந்திரத்தின் மேல் ஒரு அட்டை ஒட்டினேன். "மாற்றிய நாள்" என்று 12 கட்டம். முதல் கட்டத்தில் மட்டும் தேதி இருக்கிறது.

மாலையில் பணியேற்பு விழா. வழக்கம்போல மூன்று பேச்சு நீண்டது. புதுத் தலைவரிடம் பட்டயம், மணி, சுத்தியல், பதாகை, கணக்குப் புத்தகம் எல்லாம் போனது. பெட்டிக்குள் இரவில் அழைக்க வேண்டியவர்களின் ரத்தப் பட்டியலையும் இன்னொரு ஸ்பேனரையும் வைத்தேன்.

எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்குங்க?"

சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடி பெட்டியில் போட்டார். பட்டயத்துக்கு மேலா அடியிலா என்று நான் கவனிக்கவில்லை. என் மேசை இழுப்பறையில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.