வாடை நின்றது, மைலேஜ் பாதிதான் ஏறியது: 1600 டைப் 2 கேம்பர் வேலை

வாடை அடியோடு போய்விட்டது, அதனால்தான் இந்தப் பதிவு. வண்டி 1973 வோக்ஸ்வாகன் டைப் 2 கேம்பர். 1600 இன்ஜின், சோலெக்ஸ் 34 பிக்ட்-3 கார்புரேட்டர், பின்னாளில் யாரோ மாட்டிய ஆல்டர்னேட்டர். ஹீட்டரைத் திறந்தாலே உள்ளே பெட்ரோல் வாடை தூக்கும். பிரிட்டிஷ் கேலனுக்கு 17 மைல், அதாவது லிட்டருக்கு 6 கிலோமீட்டர்தான் ஓடியது. இப்போது 21 மைல், லிட்டருக்கு ஏறக்குறைய 7.4. நன்றாக இருக்கும் 1600 இதைவிடக் கூடுதலாகவே கொடுக்கும், அந்த மிச்சத்துக்குப் பிறகு வருகிறேன்.

வாடை எப்போது வருகிறது என்பதை வைத்தே பாதி இடங்களைக் கழித்துவிடலாம். டேங்க் நிறைந்திருக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் மட்டும் வந்தால் டேங்கின் மேல்பக்கம்: ஃபில்லர் கழுத்து ரப்பர், பிரீதர் ஹோஸ்கள், பெட்ரோல் அளவைக் கேஜுக்கு அனுப்பும் சென்டரின் (sender) கேஸ்கட். ஆயில் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் நாறி, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். அப்படியானால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சூடான இன்ஜினை அணைத்த பிறகு வந்தால் கார்புரேட்டர். ஹீட்டர் திறந்தால் மட்டும் வந்தால் கசிவு இன்ஜின் அறைக்குள் எங்கோ இருக்கிறது. இந்த இன்ஜினில் கூலிங் ஃபேன் இழுக்கும் காற்றுதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாக உள்ளே வருகிறது. என் வண்டியில் கடைசி இரண்டும் இருந்தன.

கேம்பர் என்பதால் ஒரு எச்சரிக்கை. கேஸ் ஃபிரிட்ஜின் பைலட் சுடரை அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூடிய பிறகே எரிபொருள் பக்கம் கை வைக்க வேண்டும். பங்கில் பெட்ரோல் போடும்போதும் அதே விதி.

முதலில் ஹோஸ்கள். துணி பின்னிய பழைய ஹோஸ் பார்க்க அழகு, ஆனால் வெடிப்பை மறைத்துவிடும். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பரைச் சீக்கிரம் தின்றுவிடுகிறது. நான் போட்டது எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 என்ற தரக்குறியை மேலேயே அச்சிட்ட, துணி இல்லாத ஹோஸ். அச்சு இல்லாத ஹோஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். துளையிட்ட புழுத்திருகு கிளிப்பும் வேண்டாம், அது ரப்பரை அறுக்கும். முழுப் பட்டையாகச் சுற்றும் சின்ன கிளிப் போதும். இன்ஜின் முன்பக்கத் தகட்டைக் குழாய் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் குரோமெட் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பல வண்டிகளில் அது இருக்காது, தகட்டு விளிம்பு நாளடைவில் ஹோஸைத் தேய்த்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலே தொங்கும் பிளாஸ்டிக் ஃபில்டரையும் கழற்றி டேங்க் பக்கம் கொண்டுபோய்விட்டேன்.

கார்புரேட்டர் மூடியில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய் வெறும் இறுக்கத்தில் நிற்பது. கையால் திருகினால் சுழல்கிறது என்றால் ஒருநாள் கழன்று சூடான இன்ஜின்மேல் பெட்ரோலைப் பீய்ச்சும். ஏர்கூல்டு வண்டிகள் எரிந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மூடியில் மரை வெட்டி, திருகும் நிப்பிள் போட்டுவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

இவ்வளவும் செய்தும் அணைத்த பிறகு வரும் வாடை போகவில்லை. ஏர் கிளீனரைக் கழற்றி, இன்ஜினை அணைத்த உடனே கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தால் மெயின் நாசிலிலிருந்து சொட்டுச் சொட்டாக பெட்ரோல். பலரும் இந்த இடத்தில் ஜெட்டை மாற்றுவார்கள், கலவையைச் சரிசெய்யும் வால்யூம் ஸ்க்ரூவை உள்ளே திருகுவார்கள். அதற்கு முன் பம்ப் அழுத்தத்தை அளந்தே ஆக வேண்டும்.

பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் டி-குழாய் வைத்து, 0 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை காட்டும் கேஜ் மாட்டினேன். டயர் கேஜ் இதற்கு உதவாது. புதிதாக வாங்கிய பம்ப் 5.5 காட்டியது. 34 பிக்ட்-3-க்கு 3 பி.எஸ்.ஐ. ஒட்டி இருந்தால் நிம்மதி. அதிக அழுத்தம் மிதவை ஊசியைத் தள்ளித் திறந்துகொண்டே இருக்கும். கிண்ணத்தில் மட்டம் ஏறும், எல்லா வேகத்திலும் கலவை கெட்டியாகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகும். வாடைக்கும் மைலேஜுக்கும் ஒரே காரணம் இங்கேதான் இருந்தது.

அடுத்து பம்பை இயக்கும் தள்ளுக்கம்பி. டைனமோ இன்ஜின் பம்புக்கு 108 மி.மீ., ஆல்டர்னேட்டர் இன்ஜினின் சாய்ந்த பம்புக்கு 100 மி.மீ. ஆல்டர்னேட்டர் மாற்றிய வண்டியில் பழைய 108 அப்படியே கிடந்தால் பம்பின் கை உடையும், இல்லையென்றால் அழுத்தம் எகிறும். இதில் 100தான் இருந்தது, ஆனால் அடியில் ஒரே ஒரு கேஸ்கட். பம்பின் அடியில் இருக்கும் பேக்கலைட் பிளாக்கைத் தூக்குவதற்கு முன் தள்ளுக்கம்பியை மேலே உருவி வெளியே எடுத்துவிடுங்கள். அது கிராங்க்கேஸுக்குள் விழுந்தால் வேலை பத்து மடங்காகும். பிறகு பிளாக்கையும் கேஸ்கட்டுகளையும் வைத்து, கம்பியைப் போட்டு, புல்லியைக் கையால் சுற்றி, கம்பி மிக உயரத்துக்கு வரும்போது வெர்னியரில் அளக்க வேண்டும். மேல் கேஸ்கட்டிலிருந்து 13 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் பிளாக்கின் அடியில் கேஸ்கட் சேர்க்க வேண்டும். நான்கு கேஸ்கட்டில் 3.2 பி.எஸ்.ஐ.க்கு வந்தது. இதற்குமேல் அடுக்கினால் ஏற்றத்தில் பெட்ரோல் போதாமல் வண்டி திணறும், ஸ்டட்டில் நட்டுக்கு மரையும் மிஞ்சாது.

அழுத்தம் சரியான பிறகே மிதவை மட்டம். வரிசை மாறினால் அளவு பொய்யாகும். வண்டி சமதளத்தில் நிற்க, கொஞ்சம் ஐட்லிங் ஓட்டி அணைத்து, ஹோஸைக் கழற்றி அடைத்து, சோக் வயரை எடுத்து, ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றி மூடியை நேராகத் தூக்குங்கள். மூடி பொருந்தும் முகத்திலிருந்து பெட்ரோல் மேற்பரப்பு வரை 17 முதல் 19 மி.மீ. இருக்க வேண்டும். கிண்ணத்தின் ஓரத்தில் பெட்ரோல் சுவரில் ஏறி நிற்கும், நடுப்பக்கமாக அளப்பதே சரி. பெட்ரோல் ஆவியாவதற்குள் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். பழைய அழுத்தத்தில் இது 15-க்கும் கீழே இருந்தது, இப்போது 18. மட்டம் இன்னும் தவறினால் ஊசி வால்வின் அடி வாஷரின் தடிமனை மாற்றுங்கள். மிதவையின் கையை வளைக்க வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும். மூடியைத் தலைகீழாகப் பிடித்து நுழைகுழாயில் ஊதினால் காற்று போகவே கூடாது. போனால் வால்வை மாற்றிவிடுவது நல்லது.

குளிர்ந்த இன்ஜினுக்குக் காற்றைக் குறைத்துக் கொடுக்கும் இதழான சோக் சீக்கிரம் முடிந்தது. குளிர்ந்த இன்ஜினில் பெடலை ஒருமுறை அழுத்தி இக்னிஷனைப் போட்டால் இதழ் சில நிமிடங்களில் முழுதாகத் திறக்க வேண்டும். சோக் வயர் கழன்று கிடந்தாலே வண்டி பெட்ரோலாகக் குடிக்கும். கடைசியாக வால்யூம் ஸ்க்ரூவை இரண்டரைச் சுற்று வெளியே வைத்து, ஐட்லிங் வேகத்தை பைபாஸ் ஸ்க்ரூவில் மட்டும் சரிசெய்தேன். திராட்டில் நிறுத்து ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. பிளக்குகளில் கரி போய்ப் பழுப்பு நிறம் வந்துவிட்டது.

மைலேஜை அளக்க ஒரே பங்கில், ஒரே பம்பில், முதல் கிளிக்கோடு நிறுத்தி நிரப்புகிறேன். இதன் ஃபில்லர் கழுத்தில் காற்று அடைத்துக்கொள்ளும், விளிம்புவரை நிரப்ப நினைத்தால் ஒவ்வொரு முறையும் அளவு மாறும்.

மிச்சக் குறைக்கு என் சந்தேகம் இரண்டு. ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டர் 009 மாடல், தீப்பொறி நேரத்தை முன்னே தள்ளும் வேக்யூம் அமைப்பு இல்லாதது. 34 பிக்ட்-3-உடன் அது சேரவே சேராது. பெடலை மிதித்ததும் ஒரு தயக்கம் வரும், அதை மறைக்கக் கலவையைக் கெட்டியாக்குவார்கள். 009-ஐ இத்தனை கடைகள் இன்னும் மேம்பாடு என்று விற்பது எனக்குப் பொறுக்கவில்லை. வேக்யூம் உள்ள ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது, மேனிஃபோல்டின் அடியில் ஓடி, புகைச்சூட்டால் அதைச் சூடாக்கும் ஹீட் ரைசர் குழாய். இன்ஜின் ஓடிச் சூடானதும் இருபுறமும் கை வைக்க முடியாத சூடு வர வேண்டும். இதில் இடதுபுறம் வெதுவெதுப்போடு நிற்கிறது. உள்ளே கரி அடைத்திருக்கிறது, பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் போகிறது. டேங்க் பிரீதர்களையும் சென்டர் கேஸ்கட்டையும் மாற்ற எப்படியும் இன்ஜினை இறக்க வேண்டும், அப்போது மேனிஃபோல்டையும் வெளியே எடுத்துவிடுவேன். டேங்குக்கு மேல் தரையைக் கிரைண்டரால் வெட்டி மூடி வைக்கும் குறுக்குவழியைச் சிலர் சொல்கிறார்கள். பெட்ரோல் ஆவி நிற்கும் இடத்தில் தீப்பொறி பறக்கும் வேலை அது, நான் செய்யப்போவதில்லை. ரைசர் கரியை உடைக்கப் பழைய கிளட்ச் கேபிளின் முனையைப் பிரித்து டிரில்லில் மாட்டித் தயாராக வைத்திருக்கிறேன். இன்ஜின் ஜாக் கிடைத்ததும் அடுத்த வேலை அதுதான்.