ஓலையில் விழுந்த கண்ணீர்: சரித்திரக் காதல் நாவல்களை வாசிக்கும் முறை

காதலனிடமிருந்து ஓலை வருகிறது. இளவரசி பிரித்துப் படிக்கிறாள். கண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து எழுத்தெல்லாம் கரைந்துபோகிறது. சரித்திர நாவல்களில் அடிக்கடி தலைகாட்டும் காட்சி இது. பிழையான காட்சியும் கூட. பனையோலையில் மை தொட்டு எழுதுவதில்லை. எழுத்தாணியால் கீறுவார்கள். பிறகு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால், கீறலுக்குள் கரி தங்கி எழுத்துத் தெரியும். எவ்வளவு அழுதாலும் கீறல் அழியாது. அவசரத்தில் கீறிய ஓலையில் கரியே இருக்காது. அதை வாசிக்க விளக்கை நேர் மேலே பிடித்துப் பயனில்லை. பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் கீறலில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.

இது தெரிந்த எழுத்தாளர் அதே காட்சியை வேறு மாதிரி எழுதுவார். இளவரசி ஒரு கையால் ஓலையை விரித்துப் பிடித்திருக்கிறாள். விளக்கு தோழியின் கையில். "இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடி" என்கிறாள். தோழியின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. இனி அழவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. ஓலையைப் பற்றிய ஒரு சின்ன விஷயம் காதல் காட்சியை இறுக்கிவிடுகிறது. சரித்திர விவரம் அலங்காரத்துக்கு என்று நினைப்பவர்கள் இந்த வகை நாவலைப் பாதிதான் வாசிக்கிறார்கள்.

மீதிப் பாதி, முடிவு முன்பே தெரிந்திருப்பதால் வரும் சுவை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையை, இராஜராஜனின் தமக்கை என்றும் வல்லவரையர் வந்தியதேவரின் தேவி என்றும் குறித்திருக்கிறது. அவ்வளவுதான். எப்படிச் சந்தித்தார்கள், யார் முதலில் பேசினார்கள், வீட்டில் யார் மறுத்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. அந்த ஒரு வரி தந்த இடத்தில்தான் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கிழமைக்குக் கிழமை ஓடி, ஐந்து பாகமாக நிற்கிறது. அவர்கள் சேர்வார்கள் என்பது கல்லில் இருக்கிறது. ஆகவே வாசகர் 'சேர்வார்களா' என்று கேட்பதில்லை. 'இந்தத் துடுக்குக்காரனுக்கு இந்த அரச குமாரி எப்படிச் சரிவருவாள்' என்றுதான் கேட்கிறார். உடையார்குடிக் கல்வெட்டும் இப்படித்தான். இராஜராஜனின் தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஏன் கொன்றார்கள் என்பது இல்லை. கல்வெட்டு எங்கே வாயை மூடுகிறதோ அங்கேதான் நாவல் வாயைத் திறக்க வேண்டும். கல்வெட்டுப் பேசும் இடத்தில் அதை எதிர்த்துப் பேசினால், விஷயம் தெரிந்த வாசகர் அந்தப் பக்கத்தோடு கைவிட்டுவிடுவார்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். நல்ல சரித்திரக் காதல் நாவலில் காதலன் பெரும்பாலும் மன்னனாக இருப்பதில்லை. மன்னனின் திருமணம் அரசியல். ஒன்றுக்கு மேற்பட்ட தேவியரின் பெயர்கள் கல்வெட்டிலேயே இருக்கும்போது, 'உன்னைத் தவிர வேறொருத்தியை நினையேன்' என்று அவன் வாயில் வசனம் வைத்தால் யார் நம்புவது? அதனால்தான் தூதன், படைத்தலைவன், சிற்பி, ஓடக்காரி, நாட்டியப் பெண் என்று இரண்டாம் வரிசை ஆட்களிடம் காதல் போகிறது. அவர்களைப் பற்றி ஆவணம் குறைவு, ஊர் ஊராக அலையும் சுதந்திரம் அதிகம். மன்னனையே காதலனாக்கத் துணிந்தால் முடிசூடுவதற்கு முந்தைய காலத்தில் வைப்பதுதான் பாதுகாப்பு. ஆதித்தன் இறந்து இராஜராஜன் 985இல் அரியணை ஏறும்வரை இடையில் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் கிடக்கின்றன. எழுத்தாளர்கள் அந்த இடைவெளியைச் சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம் இதுதான்.

காதலை நகர்த்துவது பெரும்பாலும் வாய்ச்சண்டை. தொடுதல் மிகக் குறைவு, பேச்சு மிக அதிகம். அவன் ஒரு உவமை சொல்வான், அவள் அதையே திருப்பி அடிப்பாள். இதில் இரண்டு இடங்களில் வழுக்கும். ஒன்று, வர்ணனை. பெண்ணின் உடலைத் தலையிலிருந்து கால்வரை இரண்டு பக்கத்துக்கு அளக்கும் பழக்கம் வார இதழ்த் தொடர்களோடு வந்தது. அந்தப் பக்கங்களைத் தாண்டி வாசிப்பதில் குற்றமே இல்லை. மற்றது, தூணுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பது. ஒரு பாகத்துக்கு ஒருமுறை என்றால் சுவை. மூன்றாம் முறையும் சதிகாரர்கள் கதவைச் சாத்தாமல் சத்தமாகக் கதைத்தால், அந்தச் சதி வெல்லாமல் போவது நியாயம்தான்.

கொழும்பில் பலர் இந்த வகைக்கு ஆங்கிலம் வழியாகத்தான் வருகிறார்கள். மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் ரீஜென்சிக் காதல் நாவல்கள், அதாவது 1811 முதல் 1820 வரையான இங்கிலாந்துக் கதைகள், வாசித்துப் பழகியவர்கள் தமிழுக்கு வந்தால் முதலில் தடுமாறுவார்கள். அங்கே காதலர் கடைசியில் சேர்ந்தே ஆகவேண்டும். அது எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையே எழுதாத ஒப்பந்தம். தடை பணம், பட்டம், அவதூறு. 1753ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் 21 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோர் சம்மதமின்றி உரிமம் பெற்று மணமுடிக்க முடியாததால், குதிரை வண்டியில் ஸ்கொட்லாந்து எல்லையிலுள்ள கிரெட்னா கிரீனுக்கு ஓடுவார்கள். தமிழ் நாவலில் ஓடிப்போக எல்லை இல்லை. தடை சபதம், பிறப்பு இரகசியம், நாட்டுக்குச் செய்த கடமை. பிரிந்தே முடிந்தாலும் வாசகர் கோபிப்பதில்லை, கண்ணீர் விட்டுவிட்டு மறுபடி முதல் பாகத்தை எடுக்கிறார்.

எழுத்தாளர் கவனமாக எழுதியிருக்கிறாரா என்று பார்க்க ஒரு சுருக்கு வழி உண்டு: நிலவைப் பாருங்கள். போயாவுக்கு விடுமுறை எடுக்கும் நாட்டில் இருப்பவர்களுக்கு இது கை வந்த கலையாக இருக்க வேண்டும். பௌர்ணமி நிலவு பொழுது சாயும்போது எழும்பி நடுச்சாமத்தில் உச்சிக்கு வரும். வளர்பிறை அரை நிலவு மாலையிலேயே உச்சியில் நிற்கும், நடுச்சாமத்தில் மறைந்துவிடும். தேய்பிறை அரை நிலவு நடுச்சாமத்தில்தான் எழும்பும். மூன்றாம் பிறை பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்தில் மேற்கே இறங்கிவிடும். ஆக, 'நள்ளிரவில் மூன்றாம் பிறையின் ஒளியில் அவள் முகம் தெரிந்தது' என்று ஒருவர் எழுதினால், அவர் வானத்தைப் பார்க்கவில்லை. நிலவு நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி எழும்பும் என்பதை வைத்துக்கொண்டே, அடுத்தடுத்த இரவுகளில் நடக்கும் சந்திப்புகளின் நேரத்தைச் சரிபார்த்துவிடலாம். 1966 முதல் 1971 வரை ஞாயிறுக்குப் பதிலாக, பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அரை நிலவு நாட்கள் என்ற நான்கு போயாக்களையே வார விடுமுறையாக வைத்திருந்த காலத்தை நினைவிருக்கும் பெரியவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தரத் தேவையில்லை.

காற்றும் அப்படித்தான். ஆடியில் கடல் கடக்கும் ஓடத்துக்குச் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்க வேண்டும், மார்கழியில் வாடை. மாறி அடித்தால் பிழை. தூரத்தையும் கணக்குப் பார்க்கலாம். அநுராதபுரத்துக்கும் பொலன்னறுவைக்கும் இடையே ஏறக்குறைய 100 கி.மீ. ஒரே குதிரையில், அதை வாட்டாமல் போனால், இரண்டு நாள். நடந்தால் நான்கு நாள். காலையில் புறப்பட்டு மாலையில் காதலியின் அந்தப்புரத்தில் நிற்கிறான் என்றால், வழியில் அவன் குதிரை மாற்றியதை எழுத்தாளர் சொல்லியிருக்க வேண்டும்.

சாப்பாட்டில் வரும் பிழை எல்லோருக்கும் தெரிந்தது, இருந்தும் நிற்கவில்லை. போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505இல். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கஜு, அன்னாசி, பப்பாசி, கொய்யா, புகையிலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பொருட்கள். அவர்கள் வந்த பிறகுதான் நம்முடைய அடுப்படிக்கும் தோட்டத்துக்கும் வந்தன. சோழர் சமையலில் உறைப்பு என்றால் மிளகு. மிளகாய் என்ற பெயரே மிளகைப் பார்த்து வைத்ததுதான்.

சொற்களில் வரும் பிழையைப் பிடிப்பது கஷ்டம், பிடித்தால் கிடைக்கும் சந்தோஷமும் அதிகம். ஜன்னல், மேசை, அலமாரி, சாவி நான்கும் போர்த்துக்கேயச் சொற்கள். சோழ இளவரசி சாளரத்தருகே நிற்கலாம், பலகணியில் நிற்கலாம், ஜன்னலருகே நிற்கக்கூடாது. கதை சொல்பவர் தன் குரலில் 'ஜன்னல்' என்றால் மன்னிக்கலாம், பாத்திரத்தின் வாயில் வந்தால் முடியாது. நமக்கு இதில் ஒரு சின்ன வசதி: 'சாவி' என்ற இடத்தில் நாங்கள் 'திறப்பு' என்றுதான் சொல்கிறோம், தப்பிவிடுவோம். ஆனால் 'யன்னல்' நம்மையும் மாட்டிவிடும். தர்பார், சிப்பாய், தயார், வசூல் என்பவை பாரசீக, அரபு வழியில் வந்தவை. நாயக்கர் காலக் கதையில் இருக்கலாம், பல்லவர் காலத்தில் வேண்டாம்.

இனி இலங்கை. தமிழ்நாட்டில் எழுதிய நாவல்களில் ஈழம் பெரும்பாலும் படை போகும் இடம், அல்லது காதலன் ஒளிந்து அலையும் காடு. இங்கே பாடசாலையில் வரலாறு படித்த வாசகருக்குத் தலைக்குள் இரண்டு புத்தகம் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். இராஜராஜன் மகன் இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டுத் தொடக்கத்தில் மன்னன் புகழ் பாடும் பகுதி, ஈழத்து அரசர் முடியையும் அவர்கள் தேவியரின் முடியையும், பாண்டியர் அங்கே வைத்துப்போன முடியையும் இந்திரன் ஆரத்தையும் கொண்டதாகப் பெருமை பேசுகிறது. அதே செயலை, பாளி மொழியிலுள்ள இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம், இரத்தம் உறிஞ்சும் யக்கர்களைப்போல இலங்கையின் சாரத்தை உறிஞ்சினார்கள் என்று எழுதுகிறது. 1017இல் இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டுச் சோழநாட்டுக்குப் போய், பன்னிரண்டு ஆண்டு கழித்து அங்கேயே இறக்கிறான். அவனுடைய மகன் காசியப்பனை இங்கே மக்கள் ஒளித்து வளர்க்கிறார்கள். பையனுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவனைப் பிடிக்கச் சோழன் 95,000 பேர் கொண்ட படையை அனுப்பினான் என்கிறது சூளவம்சம். எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரு பிள்ளையை ஒளித்து வைத்த வீடு, தேடி வந்த படையில் ஒரு தமிழ் வீரன், அந்த வீட்டில் ஒரு பெண் என்று யோசியுங்கள். இதைவிட நல்ல தடை எந்தச் சபதத்திலும் கிடைக்காது. இரண்டு புத்தகத்துக்கும் நியாயம் செய்து அதை எழுதுவது கொழும்பில் இருப்பவர்களுக்கே எளிது.

இதுபோல இன்னும் இடங்கள் இருக்கின்றன. சீனக் கப்பற்படை கொண்டுவந்து, 1911இல் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு கொழும்பு தேசிய நூதனசாலையில் நிற்கிறது. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய முறையிலும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு என்று பட்டியல் நீள்கிறது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே நின்று மொழிபெயர்த்த ஆளைப் பற்றிக் கல்லில் ஒரு எழுத்தும் இல்லை. கண்டியை எடுத்தால், மதுரையிலிருந்து மணப்பெண்கள் வந்தார்கள்; 1739இலிருந்து நாயக்க வம்சமே அரியணையில் இருந்தது. மலை குளிருக்குள் வந்து இறங்கிய அந்தப் பெண்களோடு எத்தனை தோழிகள் வந்திருப்பார்கள்!

இதற்கெல்லாம் நாங்கள் புதியவர்கள் அல்ல. தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் எழுதியவர் திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை. நாயக்கர் காலத்துக் காதல் கதை. ஈழத்துத் தமிழர் ஒருவர் தஞ்சையையும் திருச்சியையும் களமாக எடுத்தார். எதிர்த்திசைப் பயணம் பிறகுதான்.

புத்தகம் தேடுபவர்களுக்கு: வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் தமிழ்ப் புத்தகக் கடைகள் உண்டு. வாங்குவதற்கு முன் வாசித்துப் பார்க்கத் தமிழ்ச் சங்க நூலகம் வெள்ளவத்தையிலேயே இருக்கிறது. செப்டெம்பர் புத்தகக் கண்காட்சியில் தொகுதியாக வாங்கலாம். தொடராக வந்த நாவலை ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கிழமை காத்திருந்தவருக்காக எழுதியது. முந்திய கதையை நினைவூட்டும் பத்தியும், கடைசி வரியில் ஒரு கொக்கியும் இருக்கும். இருபது அத்தியாயம் சேர்ந்தாற்போல் வாசித்தால் அந்தக் கொக்கிகள் சலிக்கும். நாளுக்கு ஐந்தாறு போதும். கொக்கியோடு மூடாமல், அடுத்த அத்தியாயத்தின் முதல் பக்கத்தைத் தாண்டி மூடுங்கள், நித்திரை வரும்.

கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானவை என்பதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. மலிவுப் பதிப்பில் எழுத்துப் பொடியாகி, மணியத்தின் ஓவியங்கள் விடுபட்டிருக்கும். ஐந்தாம் பாகத்தின் கடைசியைக் கடையிலேயே திறந்து பாருங்கள். வாசகர் கேள்விகளுக்குப் பதிலாக ஆசிரியர் எழுதிய முடிவுரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு பதிப்பைக் கேளுங்கள்.