போமட் அடிக்காமல் விண்டோஸ் 11

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. என்னுடையது 11 ஏற்கும் எட்டாம் தலைமுறை இன்டெல் மெஷின்தான். ஆனாலும் 11க்குப் பொருந்தாது என்றே காட்டிக்கொண்டிருந்தது. நிலாவெளியிலிருந்து சிபியூவைத் தூக்கிக்கொண்டு திருகோணமலை ரவுனுக்குப் போனால், கடையில் திறந்துகூடப் பார்க்காமல், "போமட் அடிச்சுத்தான் போடோணும்" என்றார்கள், அதாவது டிஸ்க்கில் உள்ளதை அழித்துவிட்டு. ஓட்டோக் காசு நட்டம்.

கடையில் பக்கப் எடுப்பதென்றால் டெஸ்க்டொப்பும் டொக்கியுமென்ட்ஸும் மட்டும். அவுட்லுக்கின் மெயில்கள் இருக்கும் பிஎஸ்டி ஃபைல் வேறு இடத்தில் இருந்தால் விடுபடும். பாமினியில் தட்டிய பழைய கடிதங்கள் வந்து சேரும், பாமினி எழுத்துரு வராது. திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான். எழுத்துருவை இரட்டைக் கிளிக்கில் நிறுவியிருந்தால் அது விண்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரில் இல்லாமல், பயனரின் மறைந்திருக்கும் அப்டேட்டா (AppData) ஃபோல்டருக்குள் இருக்கக்கூடும். இரண்டு இடத்திலும் தேடுங்கள்.

சிக்கல் உண்மையில் பழைய லெகசி முறையில் போட்ட விண்டோஸில்தான். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய அமைப்பில் இருக்கும், 11க்கு யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறை வேண்டும், அதற்கு டிஸ்க் ஜிபிடி அமைப்பில் இருக்க வேண்டும். விண்டோஸ் 10இலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி (mbr2gpt) என்ற கட்டளை அதை டேட்டா அழியாமல் மாற்றித் தரும். விண்டோஸுக்குள்ளிருந்து கொடுக்கும்போது அலௌ ஃபுல் ஓஎஸ் (/allowFullOS) என்பதையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் ஓடாது. முதலில் மாற்ற முடியுமா என்று சோதிக்கும் வலிடேட் (/validate) மட்டும் கொடுங்கள், அது எதையும் மாற்றாது.

அங்கேதான் மாட்டியது. கடைக்காரர்கள் வழக்கமாகப் பிரித்துத் தரும் சி, டி, ஈ மூன்றோடு விண்டோஸ் தனக்கென ஒதுக்கும் சிஸ்டம் ரிசேர்வ்டையும் சேர்த்தால் நான்கு பிரைமரி பாட்டிஷன் (டிஸ்க்கின் முதன்மைப் பிரிவு). இந்த டூல் மூன்றுக்கு மேல் ஏற்காது. வேறு பிரிவுகளை உள்ளே வைத்திருக்கும் எக்ஸ்டென்டட் பாட்டிஷன் இருந்தாலும் ஏற்காது. ஈ-யில் இருந்ததை வெளி ஹார்ட்டுக்கு மாற்றி, ஈ-யை அழித்த பிறகே வலிடேட் தேறியது. ஜிபிடி ஆனபின் ஈ-யைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம்.

பயோஸில், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் வரும் மெஷினின் செட்டிங்கில், லெகசி பூட்டுக்கான சிஎஸ்எம்மை நிறுத்தி யூஇஎஃப்ஐக்கு மாற்றுவது இதற்குப் பிறகுதான். முந்திச் செய்தால் மெஷின் பூட் ஆகாது. 11 கேட்கும் பாதுகாப்பு அம்சமான டிபிஎம் என்ற பெயரை பயோஸில் தேடிக் களைக்க வேண்டாம்: இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம்.

மீதி சுலபம், ஒன்றைத் தவிர. பென் ட்ரைவிலிருந்து பூட் பண்ணினால் பழையதை வைத்திருக்காமல் புதிதாகப் போடும் கிளீன் இன்ஸ்டோல் மட்டும்தான் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செட்டப்பைத் திறக்க வேண்டும். அப்போதும் ஃபைல்களையும் அப்களையும் வைத்திருக்கும் தெரிவு மங்கலாக இருந்தால் மொழியைப் பாருங்கள். பழைய விண்டோஸ் அமெரிக்க ஆங்கிலம், 11ஐ நிறுவும் ஐஎஸ்ஓ ஃபைல் இன்டர்நெஷனல் ஆங்கிலம் என்றால் அப்படித்தான் வரும். கரண்ட் போய்வரும் நேரத்தில் யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

பழையதற்குத் திரும்ப 10 நாள்தான் அவகாசம். அதற்குள் டிஸம் (DISM) என்ற விண்டோஸ் கட்டளையால் 60 நாள்வரை நீட்டலாம்.

விண்டோஸ் 7, 32 பிட், கிராக் போட்டு வைரஸ் ஏறிய மெஷின் என்றால் போமட்தான் சரி. ஆனால் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசொஃப்ட் கணக்கால் நுழைந்தால், பல மெஷின்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகி, குறியீட்டால் பூட்டப்பட்டுவிடும். 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்குக்குத்தான் போகும். கடைக்காரர் தன் கணக்கைக் கொடுத்து முடித்துத் தந்தால் சாவி அவரிடம். உங்கள் கணக்கை நீங்களே பக்கத்தில் நின்று தட்டிக் கொடுங்கள்.