யஸீதி முகாமில் மொழிபெயர்ப்பு வேலை

இந்த வேலையில் தப்பு பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதற்கு முன்பே, கேள்வித்தாள் தயாராகும்போதே நடந்துவிடுகிறது. 2014 ஆகஸ்ட் 3 அன்று ஐஎஸ் படை வட இராக்கின் சிஞ்சார் பகுதிக்குள் நுழைந்ததும் ஓடிவந்த, யஸீதி என்னும் சிறுபான்மை மதத்தவர்களில் பலர் தஹோக் வட்டார முகாம்களில் தங்கினார்கள். அவர்களிடம் கொண்டுபோகும் படிவத்தில் ‘புனித நூல்’ என்று ஒரு கட்டம் இருக்கும். யஸீதி மதம் வாழ்வது கவ்ல் என்னும் பாசுரங்களில். பாஷிகா, பஹ்ஸானி ஊர்களின் கவ்வால்கள் என்னும் பாடகர்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்து, தஃப் என்னும் பறை தட்டி, குழல் ஊதிப் பாடுபவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சேறிய ‘யஸீதி வேதங்கள்’ இரண்டும் வெளியாட்களின் கைவேலை என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலோரின் முடிவு. அந்தக் கட்டத்தை அடித்துவிடலாம்.

பெயருக்கு முன்னால் ‘ஷேக்’ வந்தால் முஸ்லிம் என்று பதிந்துவிடும் எழுத்தர்கள் உண்டு. யஸீதிகளுக்குள் ஷேக், பீர், முரீத் என்பவை பிறப்பால் வரும் பிரிவுகள். ஒன்றுக்குள் இன்னொன்று மணம் செய்வதில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனக்கென ஷேக்கும் பீரும் உண்டு, சாவுச் சடங்கில் அவர்களுக்குக் கடமையும் உண்டு. அவர்கள் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே குறித்துவைத்தால் பிறகு அலைய வேண்டாம்.

பேச்சு அவர்களுடைய குர்திய மொழி வடிவமான குர்மாஞ்சியில் இருக்கட்டும். ஐஎஸ் படையிடம் சிறைப்பட்டு மீண்ட பெண்களுக்கு அரபு, பிடித்துவைத்தவர்களின் மொழி. ‘ஷைத்தான்’ என்ற சொல் விளையாட்டுக்கும் வரக்கூடாது. மயில் தேவதையான தாவூசி மெலெக்கைச் சாத்தான் என்று பழித்துத்தான் இவர்களைக் கொன்றார்கள். (மயிலைக் கண்டதும் முருகனோடு முடிச்சுப் போடும் நம்மவர்களும் கொஞ்சம் பொறுக்கலாம்.)

யஸீதிப் புத்தாண்டான சிவப்புப் புதன், ஜூலியன் நாட்காட்டியின்படி ஏப்ரலின் முதல் புதன்; நமக்கு ஏப்ரல் 14 அல்லது அதையடுத்த புதன். 2025இல் 16ஆம் தேதி வந்தது. முட்டைக்குச் சாயம் பூசி, முட்டை ஓடுகளையும் சிவப்புப் பூவையும் களிமண்ணால் வாசலில் ஒட்டுவார்கள். அம்மாதம் கல்யாணமும் உழவும் கிடையாது. தோட்டத் திட்டத்தை ஏப்ரலில் தொடங்கிவிட்டு ‘ஆள் வரவில்லை’ என்று அறிக்கை எழுதுவதில் பொருளில்லை.

யஸீதிகளின் புனிதத் தலமான லாலிஷுக்குப் போனால் செருப்பை வெளியே விட வேண்டும். வாசற்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும். மீண்டு வந்த பெண்கள் அங்குள்ள வெண்சுனை நீரால் மறுபடி ஞானஸ்நானம் பெறுகிறார்கள். பழைய வழக்கப்படி வெளியேற்றப்பட்டிருக்க வேண்டியவர்களை ஏற்குமாறு அன்றைய மதத்தலைவர் பாபா ஷேக் சொன்னது அவ்வளவு பெரிய மாற்றம்.

பிடிபட்ட காலத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 2019 ஏப்ரலில் ஆன்மிகச் சபை அவர்களையும் ஏற்பதுபோல் அறிவித்து, சில நாட்களிலேயே இல்லை என்று விளக்கம் தந்தது. இராக்கியச் சட்டமோ அவர்களை முஸ்லிம்களாகப் பதிகிறது. அதனால் ‘குழந்தைகள் எத்தனை?’ என்பதைக் கடைசியில், தனியிடத்தில், பெண் மொழிபெயர்ப்பாளர்தான் கேட்க வேண்டும். உறவுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் விடை குறைவாகத்தான் வரும்.