எல்சாட்டும் எடுகோள் கேள்விகளும்

கனடாவில் ஆங்கிலவழிச் சட்டக் கல்லூரிகளில் பெரும்பாலானவை, சேர்வதற்கு எல்சாட் (LSAT) என்ற நுழைவுப் பரீட்சையின் புள்ளி கேட்கும். 2024 ஆகஸ்டில் அந்தப் பரீட்சையிலிருந்து லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதியைத் தூக்கிவிட்டார்கள். இப்போது புள்ளி போடும் மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங், அதாவது சிறு வாதங்களை அலசும் கேள்விகள். அதில் என்னை அதிகம் இழுத்தடித்தது 'இந்த வாதம் எந்த எடுகோளில் தங்கியிருக்கிறது' என்ற வகைக் கேள்விதான். எடுகோள் என்றால் வாதம் வெளியே சொல்லாமல் உண்மை என்று வைத்துக்கொள்ளும் விஷயம். ஐந்து விடைகளில் மூன்று சுலபமாகக் கழன்றுவிடும். மிஞ்சும் இரண்டுக்கும் நடுவேதான் நேரம் போகும்.

பயிற்சிக்காக நானே எழுதிய வாதம் ஒன்று: ஒரு தெருவில் சைக்கிள் பாதை போட்டார்கள், அடுத்த ஆண்டு அங்கே விபத்து குறைந்தது, ஆகவே விபத்தைக் குறைத்தது சைக்கிள் பாதைதான்.

ஒரு விடை: 'சைக்கிள் பாதை போடும் எல்லாத் தெருக்களிலும் விபத்து குறையும்.' மற்றது: 'விபத்து குறைந்ததற்கு அங்கே வாகனங்கள் குறைந்தது மட்டுமே காரணம் அல்ல.'

முதலாவது கம்பீரமாகத் தெரியும். ஆனால் வாதம் ஓர் எடுகோளில் தங்கியிருந்தால், அதை மறுத்ததும் வாதம் விழ வேண்டும். மறுத்துப் பாருங்கள்: ஏதோ ஒரு தெருவில் விபத்து குறையவில்லை. சரி, அதனால் இந்தத் தெருவுக்கு என்ன? முடிவு அப்படியே நிற்கிறது. இரண்டாவதை மறுத்தால், வாகனங்கள் குறைந்தது மட்டுமே காரணம் என்றாகிறது. சைக்கிள் பாதைக்கு அதில் பங்கே இல்லை, வாதம் படுத்துவிட்டது. விடை அதுதான்.

மறுப்பதிலும் அளவு வேண்டும். 'எல்லாம்' என்பதற்கு மறுப்பு 'எல்லாம் அல்ல'. 'ஒன்றுமே இல்லை' என்று போய்விடக் கூடாது. 'சில' என்பதற்குத்தான் 'ஒன்றுகூட இல்லை'. இது பிசகினால் பிழையான விடையும் வாதத்தைக் கவிழ்ப்பதுபோல் தோன்றும்.

ஐந்தையும் மறுத்துக்கொண்டிருக்க நேரமும் இல்லை. முதலில் முடிவைக் கண்டுபிடிப்பேன், பிறகு ஆதாரத்தில் இல்லாத எது முடிவில் புதிதாக நுழைந்திருக்கிறது என்று பார்ப்பேன். மறுப்பு கடைசி இரண்டுக்கு மட்டும். 'எதை எடுகோளாகக் கொண்டால் முடிவு உறுதியாகும்' என்று கேட்டால் கதை வேறு. அங்கே பலமான வசனம்தான் பெரும்பாலும் கைகொடுக்கும். அதனால் கேள்வி வரியை முதலில் வாசிப்பது என் பழக்கமாகிவிட்டது.

பயிற்சிக்கு, எல்சாட்டை நடத்துபவர்களின் லாஹப் (LawHub) தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய தாள்களே எனக்குப் பிடித்தன. தவறான விடைக்குப் புள்ளி வெட்டுவதில்லை. அதனால் ஒரு பகுதிக்கான 35 நிமிடம் முடியப்போகும்போது மிச்சமிருந்த எடுகோள் கேள்விகளில், இருப்பதிலேயே அடக்கமான வசனத்தைத் தட்டிவிட்டு நகர்ந்தேன்.