கட்டிலுக்கடியில் செவலை

செவலை என்ற எங்கள் நாயைக் காப்பகத்திலிருந்து கூட்டி வந்தபோது இரண்டு வயதுக்கு மேல் இருக்கும் என்று மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொன்னார். இடது காது நுனியில் ஒரு வெட்டு. கருத்தடை செய்த தெருநாய்க்கு அடையாளமாக வைப்பது அது. "எந்தப் பாவி காதை அறுத்தான்?" என்று அம்மா பதறியதால் முதலில் அதைத்தான் விளக்க வேண்டியிருந்தது.

வந்தவள் நேராகக் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். பயம் தெளிய 3 நாள், வீட்டின் போக்கு பிடிபட 3 வாரம், தன் வீடு என்று நினைக்க 3 மாதம் என்று காப்பகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பொறுமையில்லாத மனிதர்களுக்காகப் போட்ட கணக்கு அது என்றுதான் எனக்குப் படுகிறது. செவலை அதையெல்லாம் மதிக்கவில்லை. நாங்களும் அவளை வெளியே இழுக்கவில்லை. பழைய போர்வையையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் உள்ளே தள்ளிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். இரவில் எல்லோரும் படுத்த பிறகு அவளே எழுந்து வீட்டை மோந்து பார்ப்பது கேட்கும்.

நாயைவிட மனிதர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. அத்தை வந்தார், "எங்கே, காட்டு" என்று கட்டிலுக்கடியில் தலையை நுழைத்தார். முறைத்துப் பார்ப்பதும் மேலே குனிவதும் பயந்த நாய்க்கு மிரட்டல்தான். செவலை உதட்டை நக்கினாள், முகத்தைத் திருப்பினாள், கொட்டாவி விட்டாள். "பாவம், தூக்கம் வருது" என்றார் அத்தை. தூக்கம் இல்லை, பதற்றம். இன்னும் நெருங்கினால் உறுமல்தான் என்று சொல்லி அவரை நாற்காலிக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகு கொஞ்ச காலம் விருந்தாளிகளே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். நெடுந்தொடரின் சத்தம் குறைந்தது. அவளை நடக்கக் கூட்டிப்போகும் நேரத்தில் அம்மா மிக்ஸி போட்டுக்கொள்வார். கீச்சென்று உயரும் ஒலி நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு கேட்பது நின்றுவிடும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். மிக்ஸி அந்தக் காதில் எப்படி விழுமோ!

நடைக்குக் கழுத்துப்பட்டை மட்டும் போதாது. மிரண்ட நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்போடு சேர்த்துப் பூட்டும் ஹார்னஸ் வாங்கினோம். தினமும் ஒரே நேரம், ஒரே தெரு.

சாப்பாட்டில் அவசரம் காட்டவில்லை. காப்பகத்தில் போட்ட சோறும் கோழியும்தான் முதலில். ஒரு வாரம்போல அதனோடு புது உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றினோம். அம்மாவுக்கு சாம்பார் சாதம் ஊட்டத்தான் ஆசை. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த சிவப்பணுக்களை உடைக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சொல்லித் தடுத்தோம். கடைசியில் தாளிக்காத தயிர்சாதம், அதுவும் ஒரு உருண்டை, என்று சமாதானம் ஆனது.

அப்புறம் ஒருநாள் அதையும் தொடவில்லை. புது இடம், மனசு சரியில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நடக்கவும் எழவில்லை, ஈறு வெளுத்திருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தன: உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து ஒரு மாதம் போல ஓடியது, வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்றார் மருத்துவர். தெருவில் வளர்ந்த நாயை எடுப்பவர்கள், வந்த கையோடு இந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுவது நல்லது. காய்ச்சல் தணிந்த பிறகுதான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அந்தச் சான்றிதழை வைத்து மாநகராட்சி உரிமம்.

இப்போது பகலிலும் கூடத்தில் படுக்கிறாள். அடுத்தது தீபாவளி. இருட்டும் முன் நடை, ஜன்னல் இல்லாத உள்ளறையில் போர்வை, மின்விசிறி முழு வேகத்தில். பதற்றத்துக்கு மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவிட வேண்டும். அத்தையும் வருகிறாராம். வரட்டும், திராட்சை போட்ட பாயசம் மட்டும் மேசையை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.