மணிக்கட்டில் கட்டும் மின்சுற்று

கையில் கட்டும் கருவிக்குச் சுற்று வரைய முன்னரே பற்றரிக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். 100 மில்லிஅம்பியர்-மணி லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி என்று வைப்போம். கருவியை இயக்கும் சில்லு (மைக்ரோகொன்ட்ரோலர்) தூக்கத்தில் 5 மைக்ரோஅம்பியர், நிமிடத்துக்கு ஒருமுறை 2 விநாடி விழித்து 10 மில்லிஅம்பியர் என்றால் சராசரி 0.34 மில்லிஅம்பியர் வரும். பற்றரியில் 80 சதவீதத்தைத்தான் நம்பலாம். அப்படியும் பத்து நாள் ஓடும். தாளில் வந்த பத்து நாள், கட்டிப் பார்த்தால் ஒரு நாளுக்குள் முடிந்துவிடுவதும் உண்டு.

காரணம் பெரும்பாலும் ஆயத்த மொடியூல்கள்தான். யாழ்ப்பாணத்தில் அவசரத்துக்குக் கிடைப்பவை கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவிலிருந்து பஸ்ஸில் வருகிறவை. மேசைப் பரிசோதனைக்கென்று செய்தவை. அவற்றில் இருக்கும் ஏஎம்எஸ்1117 என்ற வோல்ற்று சீராக்கி சும்மா இருக்கவே 5 மில்லிஅம்பியர் அளவில் எடுக்கும். அதுமட்டுமே 20 மணித்தியாலத்தில் பற்றரியைக் காலியாக்கும். அதோடு உள்ளீடு வெளியீட்டைவிட ஒரு வோல்ற்றுக்கு மேல் கூட இருக்க வேண்டுமென்பதால், 3.7 வோல்ற்றிலிருந்து 3.3 எடுக்கவும் அது உதவாது. அதற்குப் பதிலாக எம்சிபி1700 சீராக்கி போட்டால் 2 மைக்ரோஅம்பியருக்குள் அடங்கும். எந்நேரமும் எரியும் எல்.ஈ.டியைக் கழற்றுங்கள். பற்றரி மட்டம் பார்க்க இரண்டு 100 கிலோ ஓம் தடையிகளை நிரந்தரமாகத் தொடுத்தால் நிரம்பிய பற்றரியில் 21 மைக்ரோஅம்பியர் போகும், தூக்கச் செலவின் நான்கு மடங்கு. அளக்கும்போது மட்டும் இணைக்க ஒரு மொஸ்ஃபெற் (மின்னணுச் சுவிட்ச்) போதும்.

இந்த மின்னோட்டத்தை மல்ரிமீற்றரால் அளப்பதிலும் ஒரு சிக்கல். மைக்ரோஅம்பியர் வீச்சில் மீற்றருக்குள் நூறு ஓமோ அதற்கு மேலோ இருக்கும். சில்லு விழித்து 10 மில்லிஅம்பியர் கேட்டதும் ஒரு வோல்ற்று அங்கேயே விழுந்து, சில்லு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மீற்றருக்குக் குறுக்கே ஒரு சுவிட்சை மூடிய நிலையில் வைத்து, சில்லு தூங்கிய பிறகு திறந்து பார்க்கலாம்.

சார்ஜ் ஏற்றும் டிபி4056 மொடியூல், சார்ஜ் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் 1.2 கிலோ ஓம் தடையியோடு வரும். அது 1 அம்பியர் கொடுக்கும். இந்தச் சின்னப் பற்றரிக்குப் பத்து மடங்கு, ஊதிப்போகும். 30 கிலோ ஓம் மாற்றினால் ஏறத்தாழ 50 மில்லிஅம்பியர். மலிவு மொடியூல்களில் வெப்பநிலை பார்க்கும் சில்லுக் காலை (பின்னை) நிலத்தோடு (கிரவுண்டோடு) இணைத்தே விடுகிறார்கள், ஆகவே சூட்டில் தானாக நிற்காது. லிப்போவை 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. சித்திரை வெயிலில் மோட்டார்சைக்கிள் சீற்றுக்குக் கீழே கிடந்ததை உடனே சார்ஜில் போடுகிறவர்கள் நிறையப் பேர்!

எல்லாவற்றையும்விட வியர்வைதான் கருவியைக் கொல்கிறது. அது உப்புநீர். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சார்ஜ் முனைகளில் வோல்ற்று நின்றால் நேர்முனை கரைந்து பச்சை பிடிக்கும். கழற்றிய நிலையில் முனைகளில் வோல்ற்று வராதபடி ஒரு ஷொட்கி டயோட் (ஒரு திசையில் மட்டும் விடும், குறைந்த வோல்ற்றே அதில் விழும்) வையுங்கள். கடையில் இருக்கிறதே என்று சாதாரண 1என்4007 டயோட்டைப் போட்டால் 5 வோல்ற்றில் 4.3 தான் மிஞ்சும், 4.2 வரை பற்றரி ஒழுங்காக நிரம்பாது. பற்றவைத்த பின் பலகையில் எஞ்சும் ஃபிளக்ஸை (பற்றவைப்புப் பசையை) ஐசோபுரோபைல் அற்ககோலால் கழுவிக் காயவிட்டு, அக்ரிலிக் பூச்சு மெல்லிதாக இரண்டு தரம் அடிக்க வேண்டும். உணரியின் கண்ணாடியையும் முனைகளையும் முதலே ஒட்டும் ரேப்பால் மூட வேண்டும். நகப்பூச்சு மலிவுதான், ஆனால் வளையும் இடத்தில் வெடிக்கும்.

வயர் அறுவது எப்போதும் பற்றவைத்த ஈயம் முடியும் இடத்தில்தான். ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும், அசைவு முழுவதும் அடுத்த மில்லிமீற்றரில் விழும். மெல்லிய சிலிக்கோன் உறை வயரை எடுத்து, ஒரு சின்ன வளையம் விட்டு, பற்றவைத்த இடத்துக்கு அப்பால் சிலிக்கோன் பசையால் பிடிக்க வேண்டும். பசையை வாங்கும்போது மணந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் வேண்டாம், அந்த அமிலமே செம்பை அரிக்கும்.